கனலும் தமனிச் சுவர்: இதய நோயில் அழற்சியின் பங்கும் சிகிச்சையும்

"அடைப்பைத்தான் எடுத்துவிட்டீர்களே டாக்டர், இனியும் எதற்கு இத்தனை மாத்திரை?" ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்பிய சில மாதங்களில், மறுபரிசோதனைக்கு வரும் பலரும் கேட்கும் கேள்வி இது. நெஞ்சுவலி நின்றிருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது, பசியும் உறக்கமும் சீராகியிருக்கும். இந்நிலையில் நாள்தோறும் ஐந்தாறு மாத்திரைகளை விழுங்குவது வீண் வேலை என்று தோன்றுவது இயல்பே. சிலர் மருத்துவரைக் கேட்காமலேயே அவற்றைக் குறைத்தும் விடுகின்றனர்.

இக்கேள்விக்கு விடை காண, மாரடைப்பு எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். இதயத் தமனியில் நிகழ்வது வெறும் அடைப்பு மட்டும் அன்று. அத்தமனியின் சுவருக்குள் பல ஆண்டுகளாக ஓசையின்றி நடந்துவரும் அழற்சியும் அதில் பெரும் பங்கு கொள்கிறது. ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத் திறந்து வைக்கிறது. அழற்சியோ பல தமனிகளில் பரவி நிற்பது. அதைத் தணிக்கும் பணி மருந்துகளுக்கும் நம் அன்றாட வாழ்க்கை முறைக்கும் உரியது.

அழற்சி என்றால் என்ன?

'அழல்' என்றால் நெருப்பு. அழற்சி என்னும் சொல் அதனடியாகப் பிறந்தது. காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை நாம் அனைவரும் அறிவோம். இந்த நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்னும் ரோமானிய நூலாசிரியர் எழுதி வைத்துள்ளார். கிருமியோ காயமோ உடலைத் தாக்கும்போது, வெள்ளை அணுக்கள் அவ்விடத்துக்கு விரைந்து சென்று போரிடுவதன் வெளிப்பாடே அழற்சி. அது நம்மைக் காக்கும் ஏற்பாடு. அது இல்லையேல் சிறு காயமும் ஆறாது.

பகை ஒழிந்ததும் இப்போர் ஓய வேண்டும். பகை நீங்காமல் நாள்தோறும் வந்துகொண்டேயிருந்தால், படைகளும் கலையாமல் அங்கேயே தங்கிவிடும். அடுப்பில் நீறு பூத்த நெருப்பைப் போல, வெளியே வலியோ வீக்கமோ காட்டாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இதுவே நாட்பட்ட அழற்சி. இதயத் தமனிகளில் நிகழ்வது இவ்வகையே.

தமனிச் சுவருக்குள் நடப்பது

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்புறத்தை மிக மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. உயர் இரத்த அழுத்தம், புகையிலை, நீரிழிவு ஆகியவை இப்படலத்தைச் சிதைக்கின்றன. சிதைந்த இடத்தின் வழியே, கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் வழங்கும் எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்கி, அங்கே வேதிமாற்றம் அடைகின்றன. உடல் அவற்றை அந்நியப் பொருளாகவே கருதி வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. வந்த அணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கிப் பருத்து, நுரை நிறைந்தவை போன்ற தோற்றம் பெற்று, ஒரு கட்டத்தில் அங்கேயே மடிகின்றன. மடிந்த அணுக்களும் கொழுப்பும் சேர்ந்து சுவருக்குள் கூழ் போன்ற திட்டாகின்றன. அதைச் சுற்றி உடல் நார்ப்பொருளால் ஒரு மூடி அமைத்துக்கொள்கிறது.

மூடி தடிப்பாக இருக்கும் வரை உடனடி ஆபத்து குறைவு. ஆனால் அழற்சி மிகும்போது வெள்ளை அணுக்கள் சுரக்கும் நொதிகள் அம்மூடியை அரித்து மெலியச் செய்கின்றன. மெலிந்த மூடி ஒருநாள் கிழிகிறது. உள்ளிருக்கும் கூழ் இரத்தத்துடன் கலந்ததும், அவ்விடத்தில் சில நிமிடங்களிலேயே இரத்தம் உறைந்து கட்டியாகித் தமனியை அடைத்துவிடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகளின் கதை இதுதான்.

தமனியைப் பெரிதும் குறுக்காத சிறு திட்டுகூட இவ்வாறு கிழியக்கூடும். சென்ற மாதம் டிரெட்மில் சோதனையில் குறையேதும் காணாதவருக்கு இம்மாதம் மாரடைப்பு நேர்வது எவ்வாறு என்று குடும்பத்தார் திகைப்பதுண்டு. அச்சோதனை இரத்த ஓட்டத்தின் குறைவைக் காட்டுமே தவிர, எந்தத் திட்டின் மூடி மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவ், தமனித் தடிப்பில் அழற்சிக்குப் பங்குண்டு என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கூறினார். 1913இல் ரஷ்ய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனித் திட்டுகளை உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம் கொழுப்பின் மீதே கவனம் குவிந்திருந்தது. 1999இல் அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் ராஸ், இது ஓர் அழற்சி நோய் என்று விரிவாக எழுதிய கட்டுரை மருத்துவ உலகின் பார்வையைத் திருப்பியது. கொழுப்பா, அழற்சியா என்று வழக்காடுவதற்கு இங்கே இடமில்லை. கொழுப்பு விறகு, அழற்சி நெருப்பு. இரண்டையும் கவனித்தாக வேண்டும்.

இரத்தத்தில் அழற்சியை அளக்கலாமா?

அளக்கலாம். சி-ரியாக்டிவ் புரதம் என்னும் பொருளைக் கல்லீரல் சுரக்கிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. உடலில் அழற்சி மிகும்போது இதன் அளவும் உயரும். மிக நுண்ணிய அளவையும் காட்டும் 'ஹைசென்சிட்டிவிட்டி சிஆர்பி' என்னும் சோதனை இதய நோய்க்குப் பயன்படுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் மிகுதி என்று கொள்வர்.

இதனைச் செய்துகொள்ளும் காலமும் முக்கியம். சளி, காய்ச்சல், பல் வலி, சிறுநீர்த் தொற்று, அண்மைய அறுவை சிகிச்சை ஆகியவை எல்லாம் இந்த எண்ணை உயர்த்திவிடும். 10க்கு மேல் வந்தால், முதலில் வேறு தொற்றோ நோயோ உண்டா என்று ஆராய்ந்து, அது தணிந்த சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். ஆய்வகத் தாளில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைக் கண்டவுடன் இரவெல்லாம் உறங்காமல் வருந்த வேண்டியதில்லை. அந்த எண் எரியும் இடத்தைக் காட்டுவதில்லை. எங்கோ எரிகிறது என்று மட்டுமே சொல்கிறது.

அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா?

இதற்கு விடை தேடிப் பல பெரிய ஆய்வுகள் நடந்துள்ளன. 2008இல் வெளியான ஜுபிடர் ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகுதியாக இல்லாமல் சிஆர்பி மட்டும் 2க்குக் குறையாதிருந்த 17,802 பேர் பங்கேற்றனர். ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. எடுத்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய இரத்தக்குழாய் நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்தன. அவர்களுடைய எல்டிஎல் ஏறத்தாழப் பாதியாகியது. சிஆர்பி அளவும் 37 விழுக்காடு இறங்கியது. 'கொலஸ்ட்ரால் மாத்திரை' என்று நாம் அழைக்கும் ஸ்டாட்டின் விறகையும் குறைக்கிறது, நெருப்பையும் தணிக்கிறது. கொலஸ்ட்ரால் அளவு சரியாகிவிட்டது என்பதற்காக ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் ஸ்டாட்டின் இரண்டையும் ஒருங்கே குறைப்பதால், பயன் எதனால் விளைந்தது என்ற ஐயம் எஞ்சியது. அதைத் தீர்த்தது 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு. பாஸ்டன் நகர மருத்துவர் பால் ரிட்கர் தலைமையில், முன்னரே மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் இது நடைபெற்றது. கானாகினுமாப் என்னும் ஊசிமருந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் ஒரே பொருளைத் தடுக்கிறது. கொலஸ்ட்ராலை அது குறைப்பதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 150 மி.கி. போட்டுக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. அழற்சியை மட்டும் தணித்தாலும் இதயத்துக்கு நன்மை உண்டு என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இதே ஆய்வு எச்சரிக்கை ஒன்றையும் தந்தது. மருந்து பெற்றவர்களிடம் உயிர்க்கொல்லித் தொற்றுகள் சற்று மிகுந்தன. மொத்த இறப்பு விகிதம் குறையவில்லை. விலையும் மிக அதிகம். ஆகவே அம்மருந்து இதய நோய்க்கான வழக்கமான சிகிச்சையாகவில்லை. அடுத்து, முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் 4,786 பேரிடம் சோதித்தனர். 2018இல் வெளியான முடிவின்படி, அது மாரடைப்பையும் குறைக்கவில்லை, சிஆர்பியையும் குறைக்கவில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்து அனைத்தும் இதயத்தைக் காக்கும் என்று எண்ணலாகாது என்பதே இதன் பாடம்.

செங்காந்தளில் உள்ள மருந்து

இன்று இதய மருத்துவத்தில் மிகுதியாகப் பேசப்படும் அழற்சித் தணிப்பு மருந்து கால்சிசின். யூரிக் அமிலம் மிகுவதால் மூட்டில் வரும் கவுட் நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் பழைய மருந்து இது. வெள்ளை அணுக்கள் ஊர்ந்து சென்று திரள்வதை இது தடுக்கிறது. ஐரோப்பாவின் கால்சிகம் செடியில் மட்டுமன்றி, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இப்பொருள் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலில் நிற்கும் அதே காந்தள்தான். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களிலும் வேதாரண்யம் பகுதியிலும் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிடுகின்றனர். விதைகள் மருந்து தயாரிப்புக்காக விற்பனையாகின்றன.

2019இல் வெளியான கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருந்த 4,745 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 0.5 மி.கி. கால்சிசின் தரப்பட்டது. மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 1,000 பேருக்கு 71 பேரும், கால்சிசின் பெற்றவர்களில் 1,000 பேருக்கு 55 பேரும் இதய இரத்தக்குழாய் நிகழ்வுகளுக்கு ஆளாயினர். 2020இல் வெளியான லோடோகோ-2 ஆய்வில், நிலையான இதயத் தமனி நோயுள்ள 5,522 பேரிடம் இவ்வெண்ணிக்கை முறையே 96 ஆகவும் 68 ஆகவும் இருந்தது. 2023இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இச்சிறு அளவு கால்சிசினை இதய நோய்க்கு அனுமதித்தது.

எனினும் 2024இல் வெளியான க்ளியர் சினர்ஜி ஆய்வு வேறு முடிவைத் தந்தது. மாரடைப்புக்குப் பின் 7,062 பேரிடம் நடந்த அவ்வாய்வில், இரு தரப்பாரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கால்சிசின் எல்லோருக்கும் எழுதித் தரும் மருந்தன்று. ஸ்டாட்டின், ஆஸ்பிரின் முதலிய அடிப்படை மருந்துகளை முறையாக எடுத்த பின்னும் ஆபத்து மிகுந்திருப்பவருக்கு, அவருடைய சிறுநீரக, கல்லீரல் நிலையை ஆராய்ந்து மருத்துவர் முடிவு செய்வார். வயிற்றுப்போக்கு இதன் பொதுவான பக்கவிளைவு. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளுடனும், வெராபமில், டில்டியாசெம் போன்ற இதய மருந்துகளுடனும் சேரும்போது இதன் அளவு உடலில் ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் உங்கள் மருந்துச் சீட்டைத் தவறாமல் காட்டுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. மாத்திரையில் உள்ளதும் கிழங்கில் உள்ளதும் ஒரே பொருள் என்று அறிந்து, எவரும் கண்வலிக்கிழங்கையோ அதன் விதையையோ அரைத்துக் குடிக்க முற்படக் கூடாது. அது கொடிய நஞ்சு. கிழங்கில் எவ்வளவு கால்சிசின் உள்ளது என்பதை வீட்டில் அளக்க முடியாது, அளவு மிஞ்சினால் முறிக்க வழக்கமான மாற்றுமருந்து கிடையாது, உயிருக்கே முடிவாகும். தவறுதலாக எவரேனும் உட்கொண்டால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும்.

வலி மாத்திரை இதயத்தைக் காக்காது

அழற்சிதான் காரணம் என்றால் அழற்சி நீக்கும் வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். இது நேர்மாறான தீமையை விளைவிக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன, உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன, சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் என்னும் மருந்து, மாரடைப்பை மிகுவித்ததால் 2004இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஐபுபுரோஃபென், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினின் செயலுக்கும் இடையூறு செய்யும்.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் பெயர் சொல்லி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. வீட்டில் இதய நோயாளி இருந்தால், அப்பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. வலிக்கு எதைக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வழக்கம்போல் சமையலில் சேர்ப்பதில் தடையில்லை. அவற்றின் சாரம் அடங்கிய மாத்திரைகளை, குறிப்பாக இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், கேளாமல் உட்கொள்ள வேண்டாம்.

நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுபவை

2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளின் மக்களிடையே மாரடைப்பின் காரணிகளை ஆராய்ந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதிலேயே, பிற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தி வருவதை அதன் தரவுகள் காட்டின. புகையிலை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை நமக்கும் பிறருக்கும் பொதுவான காரணிகளே. இவற்றுள் பல அழற்சியையும் வளர்ப்பவை. வயிற்றைச் சுற்றிப் படியும் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது இடைவிடாது சுரக்கிறது. இடுப்புச் சுற்றளவு குறையும்போது சிஆர்பியும் இறங்குவது இதனால்தான்.

முடக்குவாதம், சோரியாசிஸ், லூபஸ் போன்ற நாட்பட்ட அழற்சி நோய் உடையவர்களுக்கும் இதய நோய் வாய்ப்பு மிகுதி. முடக்குவாதம் உள்ளவருக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூட்டு வலிக்காகச் சிகிச்சை பெறுபவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஈறு வீக்கமும் அழற்சியே. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை எனினும், பல்லைக் காப்பதால் நன்மையே உண்டு.

கடும் தொற்றும் கனலைக் கிளறிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு உயர்வதைக் காட்டியது. 2021இல் வெளியான ஐஏஎம்ஐ ஆய்வில் பங்கேற்றவர்களுள் பெரும்பாலோர் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். அங்கேயே ஃபுளூ தடுப்பூசி போட்டவர்களில், ஓராண்டுக்குள் இறந்தவர் 1,000 பேருக்கு 29, போடாதவர்களில் 49. ஆண்டுக்கு ஒருமுறை போடும் எளிய ஊசி இது. அடுத்த மறுபரிசோதனையின்போது இதைப் பற்றிக் கேளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்குப் பின் தரப்படும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் முதலியவற்றை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மாத்திரைச் செலவோ பக்கவிளைவோ தடையாக இருந்தால், அதைத் தயங்காமல் சொல்லுங்கள். மாற்று வழி உண்டு.

• புகைப்பதையும் புகையிலை மெல்லுவதையும் முற்றிலும் விடுங்கள். வீட்டார் புகைத்தால் அப்புகையும் நோயாளியைத் தாக்கும்.

• மருத்துவர் அனுமதித்த அளவில், வாரத்தில் ஐந்து நாட்களேனும் அரை மணி நேரம் நடங்கள்.

• காய்கறி, கீரை, பயறு, மீன், முழுத்தானியம் ஆகியவற்றைக் கூட்டி, இனிப்பு, பொரித்த பண்டம், உப்பு ஆகியவற்றைக் குறையுங்கள்.

• சிஆர்பி சோதனை உங்களுக்குத் தேவையா, கால்சிசின் உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

• வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஊட்டச்சத்து மாத்திரை எதுவாயினும், தொடங்கும் முன் கேளுங்கள்.

• நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வாயுத் தொல்லை என்று காலம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். அச்சமயத்தில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் உயிருக்கு உரியது.